நடராசா கொண்டுவந்த நெருப்பு

1

உள்ளதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு மாதச் சஞ்சிகைக்கு, சமையல் மனிதனை எப்படி மனிதனாக்கியது என்று ஒரு விஞ்ஞானக் கட்டுரை தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். பகலில் நான் கண்டாவளைப் பக்கத்துச் சங்கக்கடை ஒன்றில் அரிசியும் சீனியும் நிறுப்பவன். பின்னேரங்களில் விஞ்ஞானி. கட்டுரை இப்படித் தொடங்கியது:

"நெருப்பை முதன்முதலில் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்தவன் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகுதான் நமது தாடை சிறுக்கத் தொடங்கியது, குடல் குறுகியது என்கிறார்கள். பற்கள் செய்த வேலையில் பாதியை நெருப்பு செய்து கொடுத்தது. குரங்கு பகலின் பெரும்பகுதியை மெல்லுவதிலேயே கழிக்கிறது. மனிதனோ கொஞ்ச நேரத்தில் உண்டு எழும்பி—"

என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நின்ற மனைவி விமலேஸ்வரி கேட்டாள்:

"மெல்ல ஏலாத ஆள் என்ன செய்யிறது?"

"கஞ்சி குடிக்கிறது. அதுக்குத்தானே சமையல்."

"நெருப்பு இல்லாட்டி?"

கேட்டுவிட்டு, காயப்போட்ட துணி எடுக்க முற்றத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய தகப்பன் கரடி அடித்து முகம் சிதைந்தவர், ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் செத்துப்போனவர் என்று கலியாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

கட்டுரை அந்த அரை வசனத்தில் நிற்கிறது. சஞ்சிகைக்காரர் மன்னிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "காடு இருண்டு கிடந்தது. பற்றைக்குள் ஏதோ அசைந்தது—" (வேண்டாம். கரடியோடு தொடங்கினால் வாசிப்பவர் கடைசிவரை கரடியைத்தான் தேடுவார். அது ஒரே ஒரு தடவைதான் வரப்போகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "வீரகத்தி வேலணையில் பிறந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, மனைவி, மகள், தம்பி சகிதம்—" (இது சங்கக்கடைக்காரனின் எழுத்து.)

மூன்றாவது தொடக்கத்தில் இன்னொரு சிக்கல். கதை வீரகத்தியின் மனைவி பத்மாசனியோடுதான் நடக்க வேண்டும். பத்மாசனி என் மாமி, விமலேஸ்வரியின் தாய். இதை நான் எழுதும்போது சுவருக்கு அந்தப்பக்கம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறா. அவாவை "அவள்" என்று எழுதக் கை கூசுகிறது. மரியாதையாக "அவா" என்று எழுதினால் கதை எழும்பி நின்று கைகட்டிக்கொள்கிறது, நடக்கமாட்டேன் என்கிறது. ஆகவே "அவள்" என்றே எழுதுகிறேன். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைத்துக்கொள்கிறேன்.

அது பாலைப்பழக் காலம். வீரகத்தியும் தம்பி நடராசாவும் வேலிக்குக் கம்பு வெட்டக் காட்டுக்குப் போயிருந்தார்கள். வெட்டி முடிந்ததும் வீரகத்தி, மகளுக்குப் பழம் பொறுக்கலாம் என்று தனியே ஒரு பாலையடிக்குப் போனான். மரத்துக்கு அந்தப்பக்கம் கரடியும் அதே பழத்தைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தது.*

(* பாலைப்பழத்தை மனிதனும் கரடியும் ஒரே விதமாகத்தான் தின்கிறார்கள்: நிலத்திலிருந்து எடுத்து, பச்சையாக, நின்ற நிலையில். கட்டுரைக்கு உதவும் என்று நினைத்த விஷயம். இங்கே உதவவில்லை. வெட்ட மனம் வராமல் விட்டிருக்கிறேன்.)

சத்தம் கேட்டு ஓடிவந்த நடராசா கத்தியால் வெட்டித்தான் அதைக் கலைத்தான். தமையனைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டில் பாதைவரை வந்து, பிறகு வண்டிலில் றோட்டுக்கு வந்து, லொறி மறித்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வீரகத்தி பிழைத்தது எல்லாருக்கும் ஆச்சரியம். ஐப்பசியில் வீட்டுக்கு வந்தபோது கீழ்த்தாடையில் ஒரு பக்கம் இல்லை. மிஞ்சியிருந்த பற்கள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பேச்சும் குழறியது. பத்மாசனிக்கும் மகளுக்கும் மட்டும் சொல்லுச் சொல்லாக விளங்கியது.

3

பத்மாசனி மறுபடி சமையல் படித்தாள். அரிசியை வறுத்து இடித்துக் கஞ்சி வைத்தாள். பூசணியை அவித்துத் துணியில் வடித்தாள். குளத்து மீனை அவித்து முள்ளெடுத்து, உள்ளங்கையில் நூல்நூலாகப் பிரித்து, பிறகு பிசைந்து பசையாக்கினாள். ஒரு சின்னக் கட்டி அகப்பட்டாலும் வீரகத்திக்குப் புரையேறிக் கண் பிதுங்கும்.

அவன் ஒருவர் முன்னாலும் சாப்பிடமாட்டான். கோப்பையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ஊற்றிக்கொள்வான். வழிவதைத் துடைத்துத் துடைத்துத் துவாய் விறைத்துப்போயிருக்கும். அதையும் பத்மாசனிக்குத் தெரியாமல் தானே கிணற்றடியில் கசக்கிப் போடுவான்.

பத்மாசனி ஒன்று செய்தாள். யாருக்கும் சொல்லாமல், வீட்டில் மொறுமொறுப்பான எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அப்பளம் இல்லை, மிளகாய்ப் பொரியல் இல்லை, கருவாடு சுடுவதில்லை. எல்லாரும் குழைந்த சோறும் அவித்த மரவள்ளியும்தான். சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது.

அந்தச் சத்தமின்மையை வீரகத்தி எப்போது கண்டுபிடித்தான் என்று எனக்குத் தெரியாது. (ஓர் உள்மனப் பந்தி எழுதியிருந்தேன். "மௌனம் ஒரு விலங்குபோல—" கிழித்துவிட்டேன்.) தெரிந்தது இதுதான். ஒருநாள் அவன் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போனபோது, பத்து வயது விமலேஸ்வரி அங்கே ஒளித்திருந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டதும் மெல்லாமல் விழுங்கப் பார்த்து விக்கினாள்.

"ஏன் ஒளிக்கிறாய்?"

"அம்மா சொன்னவா... ஐயாவுக்குக் கேக்கக் கூடாதாம்."

வீரகத்தி பக்கத்தில் குந்தினான். அவளுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு கச்சானை எடுத்து, உடைத்து, பருப்பை அவள் வாயில் வைத்தான்.

"மெல்லு பிள்ளை. எனக்குக் கேக்க மெல்லு."

அன்று பின்னேரம் அவனே கடையில் அப்பளம் வாங்கி வந்து குசினியில் வைத்தான். பத்மாசனி பார்த்தாள்.

"ஆருக்கு இது?"

"உங்களுக்கு. பொரி."

"எனக்கு வேண்டாம்."

"நான் ஒருத்தன் மெல்லாதது காணும், பத்மா. வீடு முழுக்க ஏன் வாயைக் கட்டுறாய்?"

அவள் பொரித்தாள். பொரிக்கும்போது எண்ணெய் தெறித்ததென்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். அன்றைக்குத்தான் வீரகத்தி ஆஸ்பத்திரியால் வந்தபின் முதல்முறையாக எல்லாரோடும் நிலத்தில் உட்கார்ந்து, சுவரைப் பாராமல், கஞ்சி குடித்தான். நடராசாதான் முதலில் அப்பளத்தை நொறுக்கினான், வேண்டுமென்றே பெரிய சத்தமாக. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வீரகத்தியின் சிரிப்பு கோணலாக, வாயின் ஒரு மூலையால் கஞ்சியோடு வழிந்தது. அவன் உடனே துடைக்கவில்லை.

(இங்கே கட்டுரைக்காரன் ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறான். விலங்கு கண்ட இடத்தில் தின்கிறது. சமைக்கிற பிராணி மட்டும் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து, மற்றவர்கள் பறித்துவிடமாட்டார்கள் என்று நம்பி, வேகும்வரை நெருப்பைச் சுற்றிக் காத்திருக்கிறது. மனிதக்கூட்டம் என்பதே அந்தக் காத்திருப்பில் பிறந்திருக்கலாம். சரி, சொல்லியாயிற்று. கதைக்குப் போவோம்.)

4

மார்கழியில் மழை பிடித்தது. விடவில்லை. குளம் மேவி, வாய்க்காலும் வயலும் ஒன்றாகி, ஒரு விடியற்காலையில் தண்ணீர் குசினிக்குள் வந்து அடுப்பைக் கரைத்தது. குடியேற்றத்தில் மேடான இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எல்லாக் குடும்பங்களும் அந்த ஒற்றை மண்டபத்துக்குள் ஏறின. அரிசி மூட்டைகள் வந்தன, நனைந்தபடி. கொஞ்சம் தேங்காய் வந்தது. ஒரு பெரிய பானை வந்தது. நெருப்பு மட்டும் வரவில்லை. தீப்பெட்டிகளில் மருந்து கரைந்து குச்சிதான் இருந்தது.

சனங்கள் ஊறிய அரிசியை வாயில் போட்டு மென்றார்கள். தேங்காயைக் கடித்தார்கள். நல்லாயில்லைதான். ஆனால் பல் இருந்தவர்கள் சமாளித்தார்கள்.

பத்மாசனி அரிசியைப் படிக்கல்லில் வைத்துக் கல்லால் அரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். பச்சை மாவும் வெள்ளத் தண்ணீரும் வீரகத்தியின் வயிற்றில் நிற்கவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனது. பிறகு காய்ச்சலும் பிடித்தது.

நடராசா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றவன்—

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் "தன் உயிருக்குப் பயந்து அண்ணனைக் கைவிட்டு ஓடினான்" என்று எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டாமா? விமலேஸ்வரி வாசித்துவிட்டுத் தாளை மேசையில் அடித்துப் போட்டாள். "சித்தப்பாவைப் பற்றி உப்பிடி எழுதினா இந்த வீட்டிலை உங்களுக்குத் தண்ணியும் கிடையாது, சொல்லிப்போட்டன்." ஆகவே அந்த வசனம் போயிற்று. உண்மையில் நடந்தது கீழே.)

நின்றவன் சாரத்தை மடித்துக் கட்டினான்.

"மச்சாள், றோட்டுக் கரையிலை கடை உயரத்திலைதான் இருக்கு. நான் போய் நெருப்புப் பெட்டியும் மண்ணெண்ணெயும் கொண்டாறன்."

"நடுவிலை வாய்க்கால் எது, றோட்டு எது எண்டு தெரியாதடா. இழுத்துக்கொண்டு போயிடும்."

"அண்ணைக்குச் சுடச்சுடக் கஞ்சி குடுக்க வேணும். இல்லாட்டி நிக்காது."

அவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போவதை மண்டபமே வாசலில் நின்று பார்த்தது.

அடுத்தநாள் மத்தியானமும் அவன் திரும்பவில்லை. வீரகத்தி உதட்டை நனைப்பதற்கு மேல் ஒன்றும் உட்கொள்ளவில்லை. பத்மாசனி ஒரு துண்டுத் தேங்காயை எடுத்தாள்.

இந்தக் காட்சியை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். அடுப்புக்கு முந்திய காலத்தில் தாயின் வாய்தான் பிள்ளைக்குப் பானையாக இருந்திருக்கும். இப்போதும் பல் முளைக்காத பிள்ளைக்குத் தாய்மார் அப்படிக் கொடுப்பதுண்டு. அது ஒருவருக்கும் அருவருப்பில்லை. வளர்ந்த ஆம்பிளைக்கு, புருசனுக்கு, இருபது குடும்பம் பார்க்க? விமலேஸ்வரி சொன்னாள்: "எழுதுங்கோ. அம்மா செய்தது வெக்கப்படுற காரியமில்லை."

பத்மாசனி மண்டபத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தேங்காயை வாயில் போட்டு, பால் பிரியும்வரை மென்றாள். சேலைத் தலைப்பை இழுத்து மறைத்துக்கொண்டு, உள்ளங்கையில் எடுத்து, அவன் வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"இஞ்சருங்கோ. கொஞ்சம் திறவுங்கோ."

வீரகத்தி அவளைப் பார்த்தான். திறந்தான். விழுங்கினான். அது வயிற்றில் நின்றது. அவள் இன்னொரு துண்டை எடுத்தாள்.

அப்போதுதான் மண்டபத்தில் அது நடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மரியாதைக்காக, இரக்கத்துக்காக, எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வீரகத்தி தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இஞ்சருங்கோ..."

"காணும், பத்மா."

"ஒரு வாய்."

"பிள்ளைக்குக் குடு."

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் மென்றதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

5

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. முதல் வழியை நான் எழுதி முடித்தே விட்டேன். அதில் நடராசா அன்று பின்னேரமே வந்துவிடுகிறான். பானையில் கஞ்சி கொதிக்கிறது. பத்மாசனி தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆற்றிக் கொடுக்கிறாள். வீரகத்தி குடித்து, வியர்த்து, காய்ச்சல் விடுகிறது. நல்ல பந்திகள். கஞ்சியின் ஆவி வாசிப்பவர் முகத்தில் படும்படி எழுதியிருந்தேன்.

விமலேஸ்வரி இருமுறை வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை வைச்சிருக்காதேங்கோ."

"ஏன்?"

"பிறகு நான் இதை நம்பத் தொடங்கியிடுவன்."

அந்தத் தாள்களைக் கிழித்தேன்.

வீரகத்தி அன்றிரவு போய்விட்டான். பட்டினியாலா காய்ச்சலாலா என்று சொல்ல அங்கே ஒரு டாக்குத்தரும் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. கதை எழுதுகிறவனுக்குக் காரணம் கண்டுபிடிக்கிற கை கொஞ்சம் நீளம். இந்த இடத்தில் அதை மடக்கி வைத்திருக்கிறேன்.

6

விடிந்து வெளிச்சம் வந்தபோது நடராசா வந்தான். தலைப்பாகைக்குள் ஒரு தகரப் பேணி. பேணிக்குள் இரண்டு தீப்பெட்டி. கையில் உயர்த்திப் பிடித்தபடி ஒரு போத்தல் மண்ணெண்ணெய். காலெல்லாம் முள் கிழித்திருந்தது. போகும்போது வாய்க்கால் இழுத்ததால் ஒரு மரத்தில் ஏறி ஓர் இரவு இருந்திருக்கிறான்.

"மச்சாள், அரிசியைப் போடுங்கோ!" என்று வாசலிலிருந்தே கத்தினான். ஒருவரும் அசையாததைப் பார்த்துத்தான் அவனுக்கு விளங்கியது.

அழுது ஓய்ந்தபின் அவன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். காய்ந்த விறகென்று அந்த மேட்டில் இருந்தது பிள்ளைகள் உட்காரும் பள்ளிக்கூடத்து வாங்குகள் மட்டும்தான். எல்லாவற்றையும் உடைத்து அடுக்கினால், மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு உடலை ஒருவாறு எரிக்கலாம். பிறகு பானைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அவன் ஒரு வாங்கைப் புரட்டிக் காலை உடைக்கத் தொடங்கினான். பத்மாசனி எழும்பி வந்து அந்த வாங்கில் கை வைத்தாள்.

"நடராசா, பொறு."

"அண்ணையை வைச்சிருக்க ஏலாது, மச்சாள். மழை விடாது."

"வைச்சிருக்கச் சொல்லேல்லை. அவரைத் தாழுங்கோ. இதிலை கஞ்சி வைப்பம்."

"மண்ணிலை போடுறதோ? எங்கட ஆக்களிலை ஆரையும் மண்ணிலை போட்டதில்லை."

"எங்களுக்கு இப்பிடி வெள்ளமும் வந்ததில்லை."

"இது அண்ணைக்கெண்டு கொண்டந்த நெருப்பு! கழுத்துத் தண்ணியிலை, தலையிலை வைச்சு... அண்ணைக்குத்தான் குடுக்க வேணும்."

பத்மாசனி மூலையைக் காட்டினாள். அங்கே இராசமலர் என்ற பெண், பிள்ளை பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத பச்சை உடம்புக்காரி, பால் வராத மார்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் சின்னஞ்சிறுசுகள் வயிற்றோட்டத்தில் சுருண்டு கிடந்தன.

"கொண்ணருக்கு இனிப் பசிக்காது, நடராசா."

அவன் வாங்கைக் கீழே விட்டான்.

மேட்டின் சரிவில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. சிரட்டைகளால் இறைத்தும் முழுதாக வற்றவில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பது வழக்கம். அங்கே போகாமல் இருப்பதற்கு வேறு இடம் இல்லை. அதனால் பத்மாசனி தன்னுடைய ஒரே மாற்றுச் சேலையால் அவனைச் சுற்றி, தலைமாட்டில் நின்று, தண்ணீருக்குள் இறக்குவதைப் பார்த்தாள். "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னாள். மண் போடும்போது அது விழுந்த சத்தம் சேற்றுச் சத்தமாக இருந்தது.

திரும்பி வந்ததும் வாங்குகளை உடைத்து, மூன்று கல் வைத்து, பானையை ஏற்றினார்கள். யார் மூட்டுவது என்று எல்லாரும் நடராசாவைப் பார்த்தார்கள். வீரகத்திக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். அவன் குந்தி, ஈரக் கையைத் தலைமயிரில் துடைத்து, குச்சியைக் கிழித்தான். கொள்ளி வைக்க வேண்டிய கையால் அடுப்பை மூட்டினான்.

புகை எழும்பியதும் பிள்ளைகள் எல்லாம் பானையைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. ஒன்றும் பேசாமல், ஒன்றையொன்று தள்ளாமல், கொதிக்கும்வரை காத்திருந்தன.

7

கஞ்சி வெந்தது. முதலில் பச்சை உடம்புக்காரிக்கு, பிறகு சிறுசுகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. வார்த்துக் கொடுத்தது பத்மாசனி என்று விமலேஸ்வரி சொல்கிறாள். செத்தவீட்டுக்காரி வார்க்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையாம். கடைசியில் யாரோ ஒரு பெண் அகப்பையை வாங்கிக்கொண்டு, ஒரு சிரட்டை நிறையக் கஞ்சி ஊற்றி அவளுடைய கையில் வைத்தாள். "நீயும் குடி, பிள்ளை."

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

"பிறகு என்ன?"

"மாமி குடிச்சவாவோ?"

"தெரியாது. எனக்குச் சரியான பசி. நான் என்ரை சிரட்டையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

இதற்குமேல் என்னிடம் சாட்சி இல்லை. நடராசாச் சித்தப்பா இப்போது முள்ளியவளையில் காணி செய்கிறார். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும்பி வயல் பார்க்கப் போய்விடுவார். மாமியைக் கேட்கலாம். ஒரு சுவர்தான் நடுவில். கேட்கமாட்டேன்.

அவள் குடித்தாள் என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதுகொண்டு குடிக்கிறாள், மற்றதில் அழாமல். குடிக்கவில்லை என்று ஒரு விதமாக எழுதினேன். அதில் சிரட்டையைக் கொண்டுபோய்ச் சரிவில் ஈரமண்மேல் ஊற்றிவிட்டு வருகிறாள். மூன்றும் வசனமாகச் சரியாகத்தான் இருக்கின்றன. மூன்றையும் வாசிக்கும்போது குசினியில் சட்டி வைக்கிற சத்தம் கேட்கிறது, எனக்குப் பேனா நின்றுபோகிறது.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருடம். மாமி கையால்தான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறேன். அவா சாப்பிட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. இதை வைத்து ஒன்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். மருமகனுக்கு முன்னால் சாப்பிடாத மாமிமார் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர்.

ஆகவே சிரட்டை பத்மாசனியின் இரண்டு கைகளுக்குள்ளும் இருக்கிறது. சூடாக இருக்கிறது. அன்று காலையில் புருசனைத் தண்ணீருக்குள் இறக்கியவள் அவள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் தின்னாதவள். பக்கத்தில் மகள் குடிக்கிற சத்தம் கேட்கிறது. நான் இங்கே எழும்புகிறேன். நீங்கள் கொஞ்சநேரம் அவளோடு இருங்கள்.